சாரை வாயில இருந்து தப்பிச்ச தேரை: சில சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

கன்னங்குறிச்சியான்

வணக்கம் மக்களே. நம்ம வீடு கன்னங்குறிச்சி தாண்டி மூக்கனேரி பக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டு குச்சிக்கிழங்கு காடு இருக்கு, அதுக்கு ஓரமா துணி துவைக்கிற கல்லு, அந்தக் கல்லுக்கு அடியில எப்பவும் ஈரம் நிக்கும், அதனால ரெண்டு மூணு தேரை அங்க நிரந்தரக் குடித்தனம். வியாழக்கிழமை சாயந்திரம் நல்ல மழை. மழை விட்டதும் பின்னாடி கீய்ச் கீய்ச்னு கோழிக்குஞ்சு கத்தற மாதிரி ஒரு சத்தம். எங்களுக்கு கோழியே கிடையாது. டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தா ஆறடி சாரை ஒண்ணு, தேரையோட பின்னங்காலைக் கவ்விட்டு இருக்கு, தேரை பலூன் மாதிரி உப்பிக்கிட்டு கத்துது. தேரை அப்படிக் கத்தும்னே எனக்குத் தெரியாது.

நான் ஒரு அஞ்சு நிமிசம் அப்படியே நின்னு பார்த்தேன். இடுப்பு வரைக்கும் உள்ள போயிடுச்சு. பாம்பு வாயோட இடது பக்கம் கொஞ்சம் முன்னாடி வருது, அப்புறம் வலது பக்கம் வருது, மறுபடி இடது, ஏதோ வாயே நடந்து போற மாதிரி. அதுக்குள்ள எங்கம்மா வந்து ஐயோன்னு ஒரு பக்கெட் தண்ணியை மொத்தமா ஊத்திட்டாங்க. பாம்பு ரெண்டு உதறு உதறி தேரையைக் கக்கிட்டு காட்டுக்குள்ள ஓடிருச்சு. தேரை ஒரு பத்து நிமிசம் செத்த மாதிரி உக்காந்திருந்துட்டு, அப்புறம் கல்லுக்கு அடியில நகர்ந்து போயிடுச்சு.

இப்ப என் சந்தேகம் என்னன்னா, அவ்வளவு சின்னத் தலைக்குள்ள அவ்வளவு பெரிய தேரை எப்படிங்க போகுது, போகும்போது மூச்சு எப்படி விடும், பாம்புன்னா தலையில இருந்துதான் முழுங்கும்னு சொல்வாங்களே இது ஏன் பின்னாடியில இருந்து ஆரம்பிச்சது, அந்தத் தேரை பிழைக்குமா இல்ல விஷம் ஏறி செத்துருமா. எங்க பாட்டி வேற சாரை நாகத்தோட புருசன், அடிக்காதீங்கன்னு சொல்லிட்டு இருக்காங்க. இன்னொண்ணு, இதே தேரை மழைக்கு முன்னாடி ஈசல் புடிச்சுத் தின்னுட்டு இருந்தப்ப ஒவ்வொரு தடவை முழுங்கறப்பவும் கண்ணை இறுக்கி மூடுச்சு, ஏதோ கசாயம் குடிக்கற மாதிரி. அது ஏன்?

ஆத்தூர்_பஸ்

முதல்ல உங்கம்மா பண்ணது தப்பு பாஸ். பாம்புக்கும் பசிதான. ஒரு வேளை சோத்துல தண்ணி ஊத்திட்டாங்க.

ரெண்டாவது, பாம்பு தாடையைக் கழட்டி மாட்டிக்கும், டிவியில போட்டாங்க நானே பார்த்திருக்கேன். முழுங்கி முடிச்சதும் டக்குனு மறுபடி மாட்டிக்குமாம்.

பழைய_விலங்கியல்

டிவியில சொன்னது பாதிதான் சரி தம்பி. கழட்டறதுக்கு அங்க மாட்டி வெச்ச மாதிரி எதுவும் இல்ல. நான் விலங்கியல் படிச்சு அப்புறம் மருந்துக் கம்பெனியில பை தூக்கினவன், ஆனா பாம்பு மண்டையோடு மட்டும் இன்னும் மறக்கல, அவ்வளவு அழகான சாமான் அது.

நம்ம கீழ்த்தாடை முன்னாடி மோவாய்ல ஒட்டி ஒரே எலும்பா இருக்கு. பாம்புக்கு அது ரெண்டு தனித்தனி எலும்பு, மோவாய் இடத்துல ரப்பர் மாதிரி இழுபடற தசைநார்தான் ரெண்டையும் சேர்த்துப் புடிச்சிருக்கு. அதனால இடது தாடையும் வலது தாடையும் விரிஞ்சு விலகும். பின்னாடி பக்கம் மண்டைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவுல குவாட்ரேட்னு நீளமா ஒரு எலும்பு கதவுக் கீல் மாதிரி தொங்குது, அது வெளிப்பக்கமா ஆடும். அதே எலும்பு நமக்கும் இருக்கு, எங்க தெரியுமா, காதுக்குள்ள. நடுக்காதுல பட்டடை எலும்புன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே அதுதான். நாம அதை வெச்சு சத்தம் கேக்கறோம், பாம்பு அதை வெச்சு வாயைப் பொளக்குது.

அப்புறம் நீங்க பார்த்தீங்க பாருங்க வாய் நடக்கற மாதிரின்னு, அதைத்தான் பசங்களுக்குப் புரிய வைக்க நாங்க படாதபாடு படுவோம், நீங்க டார்ச் வெளிச்சத்துல கண்டுபுடிச்சுட்டீங்க. மேல் வாய்ல பாம்புக்கு நாலு வரிசை பல்லு. வெளிய ரெண்டு, அண்ணத்துல உள்ளாற ரெண்டு. எல்லாப் பல்லும் தொண்டையைப் பார்த்து வளைஞ்சிருக்கும். அந்த உள் வரிசை எலும்பு ரெண்டும் தனித்தனியா முன்னும் பின்னும் நகரும். இடது பக்கம் புடிச்சிட்டு இருக்கும்போது வலது பக்கம் விட்டுட்டு முன்னாடி போய்க் குத்தும், அப்புறம் வலது புடிக்கும் இடது போகும். தலையணைக்கு இறுக்கமான உறை மாட்டி இருக்கீங்களா, இந்த மூலையைக் கொஞ்சம் இழுத்து அந்த மூலையைக் கொஞ்சம் இழுத்து? அதேதான். சரியாச் சொன்னா பாம்பு தேரையை உள்ள இழுக்கல, தேரை மேல தன் தலையை உறை மாதிரி மாட்டிட்டுப் போகுது.

மூச்சு விசயம். வாயைத் திறந்தா கீழ, நாக்கு உறைக்கு மேல ஒரு ஓட்டை தெரியும், மூச்சுக்குழாய் வாசல். வாய் நிறைஞ்சு இருந்தா அந்தக் குழாயை இரைக்கு அடியில வெளிய நீட்டிக்கும். தண்ணிக்கு அடியில ஸ்ட்ரா வெச்சு மூச்சு விடறாங்களே அப்படி.

பின்னாடியில இருந்து ஏன்னா, ஓடற தேரையில கைக்கு, சாரி வாய்க்குக் கிடைச்சது பின்னங்கால், அவ்வளவுதான். எலி, பறவை மாதிரின்னா தலையில இருந்து போனாத்தான் காலும் முடியும் இறகும் பின்னாடி மடங்கும், அதனால பாம்பு புடியை மாத்தி மாத்தித் தலையைத் தேடும். தவளை தேரை கொழகொழன்னு இருக்கறதால எந்தப் பக்கம்னாலும் ஓடிரும். ஆனா தேரை உப்பிக்கிட்டா சிரமம். உங்க தேரை உப்புனது பயத்துல மட்டும் இல்ல, உப்புனா வாய்க்குள்ள போகாதுங்கற கணக்கும் அதுல இருக்கு. பாம்பைப் பார்த்தாலே நாலு காலையும் நீட்டி எந்திரிச்சு உப்பி நிக்கும்.

பிழைக்குமான்னா, சாரைக்கு விஷம் கிடையாது. நாகம், கட்டு விரியன் மாதிரி கடிச்சுச் செலுத்தாது, பெருசா சுத்தி நெரிக்கவும் தெரியாது, உடம்பைப் போட்டுத் தரையோட அமுக்கும், இல்லேன்னா உயிரோடயே முழுங்கும். அதனால பல்லு குத்துன காயம்தான். வயிறு கிழியலேன்னா பிழைக்க வாய்ப்பு இருக்கு. சொல்லப் போனா விஷம் தேரைகிட்டத்தான் இருக்கு, கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு மேடு இருக்கும் பாருங்க, அமுக்குனா பால் மாதிரி வரும், இதயத்தைத் தாக்கற சரக்கு. நாய் வாய் வெச்சா நுரை தள்ளும். சாரைக்கும் தண்ணிப்பாம்புக்கும் அது ஒண்ணும் பண்றதில்ல. தேரையைத் தொட்டீங்கன்னா கையைக் கழுவிட்டு சாப்பிடுங்க.

பாட்டிக்கு: சாரை தனி இனம், நாகம் தனி இனம், கல்யாணம் எல்லாம் நடக்காது. ரெண்டு பின்னிப் பிணைஞ்சு ஆடறதா பார்ப்பாங்களே, அது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரை மல்லுக்கட்டறது. ஆனா அடிக்காதீங்கன்னு பாட்டி சொன்னது நல்லதுதான், காரணம் எதுவா இருந்தா என்ன.

ஆத்தூர்_பஸ்

சரி கழட்டி மாட்டறது வாபஸ். அந்தக் காது எலும்பு மேட்டரை நாளைக்கு ஆபீஸ்ல விடறேன்.

அப்ப மலைப்பாம்பு நெரிக்கறது மூச்சு முட்டித்தான சாகும்? இதாவது சரியா?

பழைய_விலங்கியல்

அதுவும் இல்ல, மன்னிச்சுக்கோ. 2015-ல போவான்னு மலைப்பாம்பு மாதிரியே சுத்தி நெரிக்கற பாம்பையும் எலியையும் வெச்சு அளந்து பார்த்தாங்க, எலியோட ரத்தக்குழாய்ல கருவி வெச்சு. சுத்தின சில நொடியிலயே ரத்த ஓட்டம் படுத்துருது. மூச்சு முட்டறதுக்கு முன்னாடி இதயத்தால ரத்தத்தைத் தள்ள முடியாமப் போயிடுது. சுத்தற பாம்புக்கே மூச்சு எப்படின்னு நீ கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், விலா எலும்பை ஒரு இடத்துல அசைக்க முடியலேன்னா இன்னொரு இடத்து விலாவை அசைச்சு நுரையீரலுக்குக் காத்து இழுக்கும், அதையும் போவாவுலதான் 2022-ல பார்த்தாங்க.

ஏற்காடு_மிளகு

அடிவாரத்துக்காரங்களுக்கு மலையில இருந்து வணக்கம். நாங்க நாகலூர் பக்கம், காப்பியும் மிளகும். எங்க தோட்டத்துல பாம்புன்னா சாரை கம்மி, நான் அதிகமா பார்க்கறது ரெண்டு. ஒண்ணு பச்சைப்பாம்பு. இங்க வேலைக்கு வர்ற அக்காங்க எல்லாம் கண்ணைக் கொத்தும்னு தலையில துண்டு போட்டுட்டுத்தான் காப்பி பறிப்பாங்க. அது கண்ணைக் கொத்தறதில்லைங்க, ஆனா அதோட கண்ணு விசேசம்தான். கண்மணி சாவி ஓட்டை மாதிரி படுக்கவாக்குல இருக்கும், மூஞ்சி கூரா இருக்கும், கண்ணுல இருந்து மூக்கு வரைக்கும் வாய்க்கா வெட்டுன மாதிரி ஒரு பள்ளம், அதுக்குள்ள பார்வை போற மாதிரி. ரெண்டு கண்ணாலயும் ஒரே பொருளை முன்னாடி பார்த்து தூரத்தைக் கணக்குப் போடும். கொடி மாதிரி அரை மணி நேரம் ஆடாம இருக்கும், காத்து அடிச்சா மட்டும் இலையோட சேர்ந்து ஆடும், ஒடக்கா (ஓணான்) ஒண்ணு பக்கத்துல வந்துச்சுன்னா அப்புறம் நாம பார்க்கறது அது ஏற்கனவே வாய்ல தொங்கறதைத்தான். விஷப்பல்லு வாயோட பின்பக்கம் இருக்கறதால கவ்வினதை விடாம மென்னுட்டே இருக்கும், விஷம் மெதுவா இறங்கும், ஒடக்கா துவண்டதும் தலையில இருந்து முழுங்கும். மனுசனுக்கு அந்த விஷம் பெருசா ஒண்ணும் பண்ணாது, வீக்கம் வரும், அதுக்காகப் புடிச்சு விளையாடாதீங்க.

ரெண்டாவது பாம்பை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. மழைக்கு அப்புறம் மண்வெட்டி போடும்போது ஒரு ஜாண், ஒன்றரை ஜாண்ல கறுப்பா வழவழன்னு வரும், வாலு யாரோ கத்தியில சாய்வா வெட்டிவிட்ட மாதிரி சொரசொரன்னு இருக்கும். கேடயவாலன்னு புத்தகத்துல பேரு. எங்காளுங்க ரெட்டைத் தலைன்னு சொல்லிப் பயந்துக்குவாங்க. இதுல ஒரு வகை சேர்வராயன் மலையில மட்டும்தான் இருக்குன்னு சொல்றாங்க, 1863-லயே பெட்டோம்ங்கற வெள்ளைக்காரர் எழுதி வெச்சிருக்கார். இதுக்கு வாயைப் பொளக்கற வேலையே கிடையாது, தலை ஊசி மாதிரி, மண்ணைத் துளைக்கத்தான் அந்தத் தலை. மண்புழுதான் சாப்பாடு. மண்புழுவுக்கு எதுக்குங்க நாலடி வாய், நூடுல்ஸ் உறிஞ்சற மாதிரி போயிடும். பாம்புன்னாலே தாடை விரியும்னு நினைக்கறோம், மண்ணுக்குள்ள இருக்கற இதுக்கு மண்டை கெட்டியா இருந்தாத்தான் பொழப்பு.

கன்னங்குறிச்சியான்

அண்ணா அந்த ரெட்டைத் தலை மண்ணுளிதான? எங்க காட்டுல ஒரு தடவை வந்துச்சு, பக்கத்துக் காட்டுக்காரர் கோடி ரூபாய்க்குப் போகும்னு ஒரு நாள் பூரா போன் பண்ணிட்டு இருந்தார்.

ஏற்காடு_மிளகு

இல்ல இல்ல, மண்ணுளி வேற, அது உங்க சமவெளிக்காரன், தடியா இருக்கும். அது எலி சுண்டெலியை மண்ணுக்குள்ள இருந்து புடிச்சு சுத்தி நெரிக்கும். கோடி ரூபாய் எல்லாம் புரளி, புடிச்சு வித்தா ஜெயில்தான், உங்க பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க.

அம்மாபேட்டை_தறி

எங்க வீட்ல பாம்பு கிடையாது, பல்லிதான். தறி ஓடற ரூம்ல டியூப்லைட்டுக்கு ஒரு பல்லின்னு பட்டா போட்டு வெச்சிருக்குதுங்க. எனக்கு ஒரு கேள்வி, பல்லி நாக்கை நீட்டிப் பூச்சி புடிக்கும்னு என் பையன் பரிட்சையில எழுதிட்டான், டீச்சர் தப்பு போட்டுட்டாங்க, அவன் பச்சோந்தி நீட்டுதே பல்லி ஏன் நீட்டாதுன்னு உயிரை எடுக்கறான்.

பழைய_விலங்கியல்

டீச்சர் சரி. வீட்டுப் பல்லி பாயும், தாடையிலதான் கவ்வும். பெரிய அந்துப்பூச்சியா இருந்தா சுவத்துல அடிச்சு அடிச்சு சாகடிக்கும், நீங்களே பார்த்திருப்பீங்க. நாக்கு வேலை அப்புறம்தான், வாய்க்குள்ள வந்ததைப் பின்னாடி தள்ள, அப்புறம் கண்ணை நக்கித் துடைக்க, ஏன்னா அதுக்கு இமை கிடையாது. ஒடக்கா, அதாவது ஓணான், அது நாக்கைக் கொஞ்சம் வெளிய தள்ளி எறும்பை ஒத்தி எடுக்கும். பச்சோந்தி அந்த ஓணானோட ஒண்ணுவிட்ட சொந்தம், அந்த ஒத்தி எடுக்கற வேலையை வில்லு அம்பா மாத்திக்கிச்சு. பையன்கிட்ட சொல்லுங்க, பல்லிக்கும் பச்சோந்திக்கும் சொந்தம் ரொம்ப தூரம்னு.

ஏற்காடு_மிளகு

பச்சோந்தி பத்திப் பேச்சு வந்ததால சொல்லிடறேன், கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் அடிவாரத்துல வேலியில உக்காந்திருக்கறதை நிறைய தடவை பார்த்திருக்கேன். ரெண்டு கண்ணும் ஆளுக்கு ஒரு திசையில சுத்திட்டு இருக்கும், இரையைப் பார்த்ததும் ரெண்டும் முன்னாடி திரும்பும். தூரத்தை நம்மள மாதிரி ரெண்டு கண்ணையும் வெச்சுக் கணக்குப் போடறதில்லையாம், கேமரா லென்ஸ் மாதிரி கண்ணு ஃபோகஸ் பண்றதை வெச்சே தெரிஞ்சுக்குமாம். நாக்குக்கு உள்ள ஒரு எலும்புக் கம்பி. அது மேல ஸ்பிரிங் மாதிரி சவ்வு சுருட்டி வெச்சிருக்கும், சதை அதை முன்கூட்டியே அமுக்கி வெச்சுக்கும், விட்டா போதும். கவட்டை அடிச்சிருக்கீங்கள்ல, ரப்பரை இழுக்கறது நாம, கல்லை எறியறது ரப்பர். அதே கணக்கு. உடம்பு நீளத்துக்கு மேலயே போகும். சின்ன இனம் ஒண்ணுல முடுக்கம் புவியீர்ப்பைப் போல 264 மடங்குன்னு அளந்திருக்காங்க.

நான் சொல்ல வந்தது குளிர். எங்க ஊர்ல மார்கழியில காலையில ஒடக்கா எல்லாம் கல்லு மாதிரி கிடக்கும், கையில எடுக்கலாம். குளிர்ல சதை வேலை செய்யாது. ஆனா பச்சோந்தி நாக்கு குளிர்லயும் அடிக்கும், ஏன்னா அடிக்கறது சதை இல்ல, ஸ்பிரிங். 10 டிகிரி குறைஞ்சா அடிக்கற வேகம் 20 சதவீதத்துக்குள்ளதான் குறையுது, ஆனா திரும்ப இழுக்கறது சதையோட வேலைங்கறதால அது 40 சதவீதத்துக்கு மேல மந்தமாயிடுது. 2010-ல வந்த ஆராய்ச்சி. எங்கப்பாவுக்கு மூட்டு வலி வந்ததும் இதே கதைதான், கைத்தடியை வீசறது சுறுசுறுப்பா வீசுவார், திரும்ப எடுக்கத்தான் என்னைக் கூப்பிடுவார்.

ஆத்தூர்_பஸ்

உங்கப்பாவுக்கு என் வணக்கம்.

மேட்டூர்_மீன்

எல்லாரும் நாக்கு நாக்குன்னு பேசறீங்க, நம்ம காவிரி முதலைக்கு நாக்கை வெளிய நீட்டவே முடியாது தெரியுமா. கீழ்வாயோட ஒட்டி இருக்கும். ஒகேனக்கல்ல போய் முதலை வாயைத் திறந்துட்டு வெயில்ல கிடக்கறதைப் பாருங்க, உள்ள மஞ்சளா மெத்தை மாதிரி தெரியறதுதான் நாக்கு. தொண்டையில ஒரு மூடி இருக்கு, அதனால தண்ணிக்குள்ள வாயைத் திறந்து மீனைக் கவ்வினாலும் தண்ணி நுரையீரலுக்குப் போகாது. ஆனா முழுங்க மட்டும் தலையைத் தண்ணிக்கு மேல தூக்கியாகணும். மீனைத் தூக்கிப்போட்டு தூக்கிப்போட்டு, தலை முன்னாடி வந்ததும் உள்ள விட்டுரும். மெல்லத் தெரியாது, பல்லு எல்லாம் புடிக்கத்தான். பெரிய உருப்படின்னா கவ்விட்டு உடம்பையே உருட்டும், துணி புழியற மாதிரி, துண்டு வர்ற வரைக்கும்.

மூடற சதைக்கு இருக்கற பலம் திறக்கற சதைக்குக் கிடையாது. உவர்நீர் முதலையோட கடி 16,000 நியூட்டனுக்கு மேல அளந்திருக்காங்க, அதே வாயை ஒரு கயிறு போட்டுக் கட்டிட்டா திறக்கத் தெரியாம முழிக்கும். எங்க வீட்ல எல்லாம் தலைகீழ், வாயைத் திறக்கத்தான் பலம் ஜாஸ்தி.

கன்னங்குறிச்சியான்

எல்லாம் சரிங்க அண்ணா, ஆனா என் தேரை கண்ணை மூடுன கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. நான் ஆரம்பிச்ச திரி முதலையில போய் நிக்குது.

பழைய_விலங்கியல்

மறக்கல, பெருசா எழுதணும்னு வெச்சிருந்தேன், நேத்து பேத்தி லேப்டாப்பை எடுத்துட்டா.

தேரை கண்ணை மூடலீங்க, கண்ணை உள்ள இழுக்குது. தவளை தேரைக்கு கண்ணுக்குழிக்கு அடியில நம்மள மாதிரி எலும்புத் தரை கிடையாது, கண்ணு உருண்டைக்கும் வாய்க்கும் நடுவுல சவ்வும் சதையும்தான். முழுங்கும்போது ரெண்டு கண்ணையும் வாய்க்குள்ள இறக்கி, இரையை மேல இருந்து தொண்டைக்குத் தள்ளும். கை இல்ல, மெல்லற பல்லு இல்ல, தவளைக்காவது மேல்தாடையில குட்டிக் குட்டியா பல்லு உண்டு, தேரைக்கு அதுவும் இல்ல, அப்ப இருக்கற சாமானை வெச்சுத்தான வேலை பார்க்கணும். ஒரு தவளையில கண்ணை இழுக்கற சதைக்குப் போற நரம்பை வெட்டிட்டுப் பார்த்தாங்க. முழுங்காம இல்ல, ஆனா முன்னாடி ஒரு பூச்சிக்கு சராசரி 2.3 முழுங்கல் ஆச்சுன்னா அப்புறம் 4 ஆச்சு. நீங்க கசாயம்னு சொன்னது அந்த அழுத்தற முகம்.

கண்ணு இன்னொரு வேலையும் பார்க்குது. நமக்கு நாக்கு தொண்டைப் பக்கம் ஒட்டியிருக்கு, நுனி முன்னாடி. தேரைக்கு நாக்கு முன்னாடி மோவாய்கிட்ட ஒட்டியிருக்கு, நுனி தொண்டையைப் பார்த்து மடிஞ்சிருக்கு. பூச்சி வந்தா அப்படியே வெளிய பொரட்டி அடிக்கும், அடிச்சு இழுக்கற வரைக்கும் 0.07 நொடிகூட ஆகாதுன்னு தவளையில அளந்திருக்காங்க. நாக்கு நம்ம நாக்கைவிட 10 மடங்கு மெத்து, அதனால பூச்சி மேல பட்டதும் ஈரத்துணி மாதிரி சுத்திக்கும். எச்சில்தான் வேடிக்கை. அடிக்கற வேகத்துல எச்சில் தண்ணி மாதிரி இளகி பூச்சியோட இண்டு இடுக்குல எல்லாம் போயிடும், இழுக்கும்போது தேனைவிடக் கெட்டியா ஆயிடும், பூச்சி மாட்டிக்கும். இப்ப வாய்க்குள்ள வந்தாச்சு, நாக்குல ஒட்டின பூச்சியை எப்படிப் பிரிக்கறது? கண்ணு மேல இருந்து அழுத்தித் தேய்ச்சா எச்சில் மறுபடி இளகும், பூச்சி கழண்டு உள்ள போகும். வேகமா அழுத்துனா இளகறது, சும்மா விட்டா கெட்டியாகறது, தக்காளி சாஸ் பாட்டிலைத் தட்டறீங்களே அந்த வித்தைதான்.

அம்மாபேட்டை_தறி

ஐயா ஒரே ஒரு சந்தேகம், உயிரோட முழுங்குனா உள்ள போனது சும்மா இருக்குமா?

பழைய_விலங்கியல்

சில சமயம் இருக்காது. ஜப்பான்ல தேரைக்கு குண்டு வண்டு போட்டுப் பார்த்தாங்க, பின்னாடியில இருந்து சூடான ரசாயனம் பீச்சும் வண்டு. 2018-ல வந்த ஆராய்ச்சி. முழுங்குன தேரையில 43 சதவீதம் வாந்தி எடுத்துச்சு, அதிகபட்சமா 107 நிமிசம் கழிச்சு. வெளிய வந்த வண்டு எல்லாம் உயிரோட நடந்து போச்சு. கன்னங்குறிச்சித் தம்பி தேரைக்கு அதனாலதான் நம்பிக்கையா இருங்கன்னேன், அதோட சொந்தக்காரங்க வயித்துல இருந்தே ஆளுங்க பிழைச்சு வந்திருக்காங்க.

இன்னொரு தேரைக் கதை சொல்றேன், சாப்பிடும்போது படிக்காதீங்க. தாய்லாந்துல குக்ரி பாம்புன்னு ஒரு வகை, பின்பல்லு கூர்க்கா கத்தி மாதிரி இருக்கும், முட்டை ஓட்டைக் கிழிக்கற பல்லு. அது நம்ம ஊர்ல இருக்கற இதே தேரை இனத்தோட வயித்தைக் கிழிச்சுத் தலையை உள்ள விட்டு குடல் ஈரல்னு ஒவ்வொண்ணா தின்னுச்சு, தேரை உயிரோட இருக்கும்போதே, மணிக்கணக்குல. 2020-ல எழுதினாங்க. அந்த விஷப் பாலு மேல படாம தின்ன அப்படி ஒரு வழி. அதைப் பார்த்தா சாரை தங்கம்.

ஏற்காடு_மிளகு

சாப்பிட்டுட்டுத்தான் இருந்தேன். நன்றி.

தேரை சம்பந்தமா ஒண்ணு செஞ்சு பாருங்க கன்னங்குறிச்சி. தேரைக்கு அசையாத பூச்சி சாப்பாடாவே தெரியாது, செத்த ஈசலைக் குவிச்சு வெச்சாலும் பக்கத்துல பட்டினி கிடக்கும். ஜெர்மனியில எவெர்ட்ங்கற விஞ்ஞானி அட்டைத் துண்டு வெச்சு வருசக்கணக்கா இதையே பார்த்தார். நீளமான துண்டை நீளவாக்குல நகர்த்துனா தேரைக்கு அது புழு, திரும்பிப் பாயும். அதே துண்டை நிமிர்த்தி நிக்க வெச்சு, நின்னவாக்குலயே பக்கவாட்டுல நகர்த்துனா கண்டுக்காது, இல்லேன்னா ஒதுங்கும். ஒரே துண்டு, ஒரே வேகம். நான் தென்னங்குச்சியில தீக்குச்சியை நூல் கட்டிப் பார்த்திருக்கேன், வேலை செய்யுது.

கன்னங்குறிச்சியான்

அப்டேட் மக்களே. மூணு நாளா தேரையைக் காணோம், செத்துருச்சுன்னு அம்மாவுக்கு ஒரே கவலை, தண்ணி ஊத்துனது வீணாப் போச்சேன்னு. நேத்து ராத்திரி ஏழரைக்கு வெளிய வந்துச்சு. அதேதான், பின்னங்கால்ல வரிசையா புள்ளி புள்ளியா காயம் காஞ்சிருக்கு, அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடக்குது.

ஏற்காடு அண்ணா சொன்ன மாதிரி பண்ணேன். சைக்கிள் டியூப்ல ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பா வெட்டி, நூல் கட்டி, கல்லு மேல நீளவாக்குல மெதுவா இழுத்தேன். தலையைத் திருப்புச்சு. உடம்பைத் திருப்புச்சு. ரெண்டு அடி வெச்சு முன்னாடி சாஞ்சு, பின்னங்கால் விரல் ஒண்ணு மட்டும் துடிச்சுது, அப்புறம் பட்டுன்னு ஒரு சத்தம், டியூப் துண்டு அது வாய்ல. நாக்கை நான் பார்க்கவே இல்ல. ரெண்டு செகண்ட்ல துப்பிட்டு முன்னங்காலால வாயைத் துடைச்சுது, என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க. அப்புறம் குச்சியில குத்தி நிமிர்த்தி நகர்த்தினேன், ஆடல அசையல.

அம்மா பின்னாடி நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. ரப்பரைப் போட்டு ஏமாத்தறியே, அதுக்கு ஒரு ஈசலைப் போடுடான்னு திட்டிட்டு லைட்டு போட்டு விட்டாங்க. மழை இல்லாததால ஈசல் வரல. நாலு கரப்பான்குஞ்சு கிடைச்சுது, அதுல மூணு காலி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவை கண்ணு உள்ள போச்சு, எண்ணிட்டேன்.

ஆத்தூர்_பஸ்

நாலாவது கரப்பான்குஞ்சு எங்க போச்சு?

கன்னங்குறிச்சியான்

வீட்டுக்குள்ள.